கிளைக்கோபுரதங்களின் அமைப்பு, உயிர்த்தொகுப்பு, பணி: ஒரு விளக்கவுரை

ஆய்வுச் சுருக்கம்

புரதத்துடன் சர்க்கரைத் தொடர்கள் சகப்பிணைப்பால் இணைந்த மூலக்கூறுகள் கிளைக்கோபுரதங்கள் எனப்படுகின்றன. செல்லின் வெளிப்பரப்பில் அமைந்தவையும் செல்லிலிருந்து வெளியே சுரக்கப்படுபவையுமான புரதங்களுள் பெரும்பாலானவை இவ்வகையைச் சார்ந்தவை. புரதத்தின் அமினோ அமில வரிசையை மரபணு நேரடியாக வரையறுக்கிறது. சர்க்கரைத் தொடரின் வரிசைக்கு அத்தகைய நேரடி வரைவு இல்லை. அது நொதிகளின் தொடர்ச்சியான செயலால் உருவாகிறது. இவ்வேறுபாட்டை அடிப்படையாகக் கொண்டு கிளைக்கோபுரதங்களின் அமைப்பையும், அவை செல்லினுள் உருவாகும் முறையையும், அவற்றின் பணிகளையும் இக்கட்டுரை விளக்குகிறது. ஒரு சர்க்கரை குறைவதால் உண்டாகும் மருத்துவ விளைவுகள் பம்பாய் இரத்தப் பிரிவு, லைசோசோம் நோய், பிறவிச் சர்க்கரையிணைப்புக் குறைபாடுகள் ஆகிய சான்றுகளின் வழியாகக் காட்டப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கிளைக்கோபுரதம், சர்க்கரைத் தொடர், சர்க்கரையிணைப்பு, டோலிகால், எண்டோபிளாச வலை, கோல்கி உறுப்பு, சியாலிக் அமிலம், லெக்டின், பம்பாய் இரத்தப் பிரிவு.

1. முன்னுரை

1952 ஆம் ஆண்டில் பம்பாயைச் சேர்ந்த ஒய். எம். பெண்டேயும் அவருடைய உடனாய்வாளர்களும் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு புதிய இரத்தப் பிரிவை அறிவித்தனர். வழக்கமான சோதனையில் அவ்வகையினரின் சிவப்பணுக்கள் ஓ பிரிவைப் போலவே தோன்றின. எனினும் அவர்களுடைய இரத்தத் தெளிநீர் ஓ பிரிவுச் சிவப்பணுக்களையும் திரளச் செய்தது. எவருக்கும் கொடுக்கத்தக்கது எனக் கருதப்பட்டு வந்த ஓ பிரிவு இரத்தமே இவர்களுக்கு உயிராபத்தை விளைவிக்கும் என்பது இதனால் தெளிவாயிற்று. பம்பாய் இரத்தப் பிரிவு என இன்று அறியப்படும் இப்பிரிவு இந்தியாவில் ஏறத்தாழ 10,000 பேருக்கு ஒருவரிடம் காணப்படுகிறது.

இவ்வளவு பெரிய விளைவுக்குக் காரணம் மிகச் சிறியது. சிவப்பணுவின் மேற்பரப்பிலுள்ள சர்க்கரைத் தொடர்களின் முனையில் ஃபியூகோஸ் என்னும் ஒற்றைச் சர்க்கரை சேர்க்கப்படவில்லை என்பதே அது. அத்தொடர்களைத் தாங்கி நிற்பவை புரதங்களும் கொழுப்புகளும் ஆகும். புரதங்களின் அமினோ அமில வரிசையில் குறை ஏதுமில்லை; அவற்றின்மேல் கட்டப்படும் சர்க்கரையில்தான் குறை உள்ளது. ஆகவே, ஒரு புரதத்தின் அமினோ அமில வரிசையை முழுமையாக அறிந்தாலும் அப்புரதத்தை முழுமையாக அறிந்ததாகாது. எஞ்சிய பகுதியை அறியக் கிளைக்கோபுரதங்களைப் பற்றிய அறிவு இன்றியமையாதது.

2. வரையறையும் சொல்லாட்சியும்

புரதமும் சர்க்கரையும் ஒரே கரைசலில் கலந்திருப்பது கிளைக்கோபுரதம் ஆகாது. இரண்டும் சகப்பிணைப்பால் இணைந்திருத்தல் வேண்டும். முட்டை வெண்கருவிலுள்ள அல்புமினைத் தூய்மைப்படுத்திய பின்னரும் அதில் சர்க்கரை எஞ்சியிருந்ததை முற்கால ஆய்வாளர்கள் மாசு எனவே எண்ணினர். அச்சர்க்கரை புரதத்தின் உள்ளார்ந்த பகுதி என்பதை 1938 ஆம் ஆண்டில் ஆல்பர்ட் நியூபெர்கர் நிறுவினார். அச்சர்க்கரை அஸ்பரஜின் என்னும் அமினோ அமிலத்துடன் இணைந்துள்ளது என்பது அவரும் உடனாய்வாளர்களும் 1961 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வால் உறுதிப்பட்டது.

கற்பித்தலில் இரண்டு இடங்களில் சொற்குழப்பம் நேர்வதுண்டு. அவற்றை முதலிலேயே களைந்துகொள்வது நன்று.

முதலாவது, கிளைக்கோபுரதம், புரோட்டியோகிளைக்கான் ஆகிய இரண்டுக்கும் உள்ள வேறுபாடு. கிளைக்கோபுரதத்தின் சர்க்கரைத் தொடர்கள் குறுகியவை, பெரும்பாலும் கிளைத்தவை. புரோட்டியோகிளைக்கானில் இரண்டு சர்க்கரைகளாலான அலகு பலமுறை தொடர்ந்து வரும் நீண்ட, கிளையற்ற சங்கிலிகள் உள்ளன. குருத்தெலும்பின் இடைப்பொருளில் இவை மிகுதி.

இரண்டாவது, கிளைக்கோசிலேஷன், கிளைக்கேஷன் ஆகிய இரண்டுக்கும் உள்ள வேறுபாடு. முன்னதை இக்கட்டுரை சர்க்கரையிணைப்பு எனக் குறிக்கிறது. அது நொதிகளால் குறிப்பிட்ட இடத்தில் குறிப்பிட்ட சர்க்கரையைச் சேர்க்கும் முறைப்பட்ட நிகழ்வு. பின்னது நொதியின் துணையின்றிக் குளுக்கோஸ் தானே புரதத்துடன் வினைபுரிந்து ஒட்டிக்கொள்வது. நீரிழிவு நோயாளிகளுக்குச் செய்யப்படும் 'எச்பிஏ1சி' சோதனை அளவிடுவது இத்தகைய ஒட்டலையே. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலித் தொடக்கத்திலுள்ள வேலின் அமினோ அமிலத்துடன் இவ்வாறு குளுக்கோஸ் இணைகிறது. இரண்டு முதல் மூன்று மாதக் காலத்துச் சராசரிச் சர்க்கரை அளவை அது காட்டுகிறது. ஹீமோகுளோபினைக் கிளைக்கோபுரதம் எனக் கூறுவது பொருந்தாது.

3. அமைப்பு

3.1 சர்க்கரைகளும் அவற்றின் பிணைப்புகளும்

மனிதரின் கிளைக்கோபுரதங்களில் பெரிதும் காணப்படும் ஒற்றைச் சர்க்கரைகள் எட்டு. அவை குளுக்கோஸ், காலக்டோஸ், மேனோஸ், ஃபியூகோஸ், சைலோஸ், அசெட்டைல் குளுக்கோசமீன், அசெட்டைல் காலக்டோசமீன், சியாலிக் அமிலம் என்பன. இவற்றுள் சியாலிக் அமிலம் எதிர்மின் சுமை உடையது. பெரும்பாலும் தொடரின் முனையில் அமைவது.

எட்டே சர்க்கரைகள் ஆயினும் அவை தரும் வகைமை மிகப் பெரியது. மூன்று வெவ்வேறு அமினோ அமிலங்களை ஒரு சங்கிலியில் ஒவ்வொன்றும் ஒருமுறை வருமாறு அடுக்கினால் ஆறு வரிசைகளே கிடைக்கும். ஆறு கார்பன் கொண்ட மூன்று வெவ்வேறு சர்க்கரைகளை இணைத்தாலோ, கணக்கில் கொள்ளும் வடிவங்களைப் பொறுத்து, 1,056 முதல் 27,648 வரையிலான முச்சர்க்கரைகள் கிடைக்கக்கூடும். ஒரு சர்க்கரையின் பல ஹைட்ராக்சில் தொகுதிகளில் எதனுடனும் அடுத்த சர்க்கரை இணையலாம். இணைப்பு ஆல்பா, பீட்டா என இருவகைத் திசையமைப்பில் அமையலாம். ஒரே சர்க்கரையிலிருந்து இரண்டு கிளைகள் பிரியலாம். இம்மூன்றுமே வகைமைப் பெருக்கத்துக்குக் காரணங்கள். சிறிய இடத்தில் மிகுந்த செய்தியை அடக்கும் ஆற்றல் சர்க்கரைத் தொடர்களுக்கு இதனால் வாய்க்கிறது.

கிளைக்கோபுரதத்தின் எடையில் சர்க்கரையின் பங்கு புரதத்துக்குப் புரதம் மாறுபடும். இம்யூனோகுளோபுலின் ஜி என்னும் எதிர்ப்பொருளில் அது 2 முதல் 3 விழுக்காடு. சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபாய்டின் ஹார்மோனில் ஏறத்தாழ 40 விழுக்காடு. சிவப்பணுச் சவ்வின் கிளைக்கோஃபோரின் ஏ என்னும் புரதத்தில் ஏறத்தாழ 60 விழுக்காடு. கோழைக்கு வழுவழுப்பைத் தரும் மியூசின்களில் பாதிக்கும் மேற்பட்ட எடை சர்க்கரையே.

3.2 நைட்ரஜன்வழி இணைப்பு

அஸ்பரஜினின் பக்கச் சங்கிலியிலுள்ள நைட்ரஜன் அணுவுடன் அசெட்டைல் குளுக்கோசமீன் இணைவது நைட்ரஜன்வழி இணைப்பு. எல்லா அஸ்பரஜினும் இதற்கு ஏற்றதன்று. அஸ்பரஜினை அடுத்து ஏதேனும் ஓர் அமினோ அமிலமும், அதற்கடுத்துச் செரின் அல்லது திரியோனினும் வருதல் வேண்டும். இடையில் வருவது புரோலினாக இருத்தல் கூடாது. இம்மூன்றன் வரிசை இணைப்பு நிகழ்வதற்கு இன்றியமையாதது; ஆயினும் இவ்வரிசை இருந்தாலே இணைப்பு நிகழ்ந்துவிடும் எனக் கொள்ளலாகாது. மடிந்த புரதத்தின் உட்புறத்தில் மறையும் இடங்கள் சர்க்கரை பெறாமலே போவதுண்டு.

நைட்ரஜன்வழித் தொடர்கள் அனைத்துக்கும் பொதுவான ஒரு மையப் பகுதி உண்டு. இரண்டு அசெட்டைல் குளுக்கோசமீன்களும் மூன்று மேனோஸ்களும் சேர்ந்த ஐஞ்சர்க்கரை அமைப்பு அது. அதன்மேல் மேனோஸ் மட்டுமே தொடர்ந்தால் மிகுமேனோஸ் வகை. அசெட்டைல் குளுக்கோசமீன், காலக்டோஸ், சியாலிக் அமிலம் ஆகியவை தொடர்ந்தால் சிக்கல் வகை. ஒரு கிளை முன்னதாகவும் மறுகிளை பின்னதாகவும் அமைந்தால் கலப்பு வகை என மூவகைப்படும்.

3.3 ஆக்சிஜன்வழி இணைப்பு

செரின் அல்லது திரியோனினின் ஆக்சிஜன் அணுவுடன் சர்க்கரை இணைவது ஆக்சிஜன்வழி இணைப்பு. மியூசின் வகையில் முதற்சர்க்கரை அசெட்டைல் காலக்டோசமீன். இதற்கு நைட்ரஜன்வழி இணைப்பில் உள்ளதுபோல் ஒரு நிலையான மூவமில வரிசை கிடையாது.

கொலாஜனில் இவ்விணைப்பு வேறொரு வடிவம் பெறுகிறது. அங்கே லைசின் முதலில் ஹைட்ராக்சிலைசினாக மாற்றப்படுகிறது. அதன் ஆக்சிஜனுடன் காலக்டோசும், சில இடங்களில் அதன்மேல் குளுக்கோசும் சேர்கின்றன. கொலாஜனின் மூவிழைச் சுருள் அமைப்பைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் ஆராய்ந்து 1954 ஆம் ஆண்டில் 'நேச்சர்' இதழில் வெளியிட்டது தமிழக அறிவியல் வரலாற்றில் குறிப்பிடத்தக்கது. லைசினை ஹைட்ராக்சிலைசினாக மாற்றும் நொதிக்கு வைட்டமின் சி தேவை. அவ்வைட்டமின் குறைந்தால் கொலாஜனின் சர்க்கரையிணைப்புக்கு உரிய இடமும் குறைகிறது.

செல்லின் உட்கருவிலும் சைட்டோபிளாசத்திலும் உள்ள புரதங்களில் அசெட்டைல் குளுக்கோசமீன் தனியொரு சர்க்கரையாகச் செரினுடனோ திரியோனினுடனோ இணைவதுண்டு. 1984 ஆம் ஆண்டில் ஜெரால்டு ஹார்ட்டும் உடனாய்வாளரும் வெளியிட்ட இக்கண்டுபிடிப்பு, சர்க்கரையிணைப்பு செல்லின் புறத்தே நோக்கிய புரதங்களுக்கே உரியது என்னும் கருத்தை மாற்றியது. இச்சர்க்கரை பாஸ்பேட்டைப் போலவே சேர்க்கப்படவும் நீக்கப்படவும் கூடியது. ஆகவே இது ஒழுங்குபடுத்தும் பணியைச் செய்கிறது.

3.4 நுண்பன்மை

ஒரே மரபணுவிலிருந்து, ஒரே செல்லில் உருவான ஒரே புரதத்தின் மூலக்கூறுகள்கூடத் தம்முள் முற்றிலும் ஒத்திருப்பதில்லை. ஒன்றில் இரண்டு கிளைகள் இருக்கும். மற்றொன்றில் மூன்று இருக்கும். ஒன்றின் முனையில் சியாலிக் அமிலம் இருக்கும்; மற்றொன்றில் இராது. இதனை நுண்பன்மை என்பர். கிளைக்கோபுரதங்களைத் தூய்மைப்படுத்தலும் படிகமாக்கலும் கடினமாவதற்கு இது ஒரு முதன்மைக் காரணம்.

4. உயிர்த்தொகுப்பு

4.1 சர்க்கரைகள் வினைக்கு ஆயத்தமாதல்

தனித்த சர்க்கரை தானே தொடரில் சேர்வதில்லை. அது முதலில் நியூக்ளியோட்டைடு ஒன்றுடன் இணைந்து ஆற்றல் மிக்க நிலையை அடைதல் வேண்டும். குளுக்கோஸ், காலக்டோஸ், அசெட்டைல் சர்க்கரைகள், சைலோஸ் ஆகியன யூரிடின் டைபாஸ்பேட்டுடன் இணைகின்றன. மேனோசும் ஃபியூகோசும் குவனோசின் டைபாஸ்பேட்டுடன் இணைகின்றன. சியாலிக் அமிலம் சைட்டிடின் மோனோபாஸ்பேட்டுடன் இணைகிறது. சர்க்கரை நியூக்ளியோட்டைடுகளைக் கண்டறிந்தமைக்காக அர்ஜென்டினாவைச் சேர்ந்த லூயி லெலாய்ருக்கு 1970 ஆம் ஆண்டில் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

4.2 டோலிகால் என்னும் தாங்கி

நைட்ரஜன்வழித் தொடர் புரதத்தின்மேல் ஒவ்வொரு சர்க்கரையாகத் தொடங்கப்படுவதில்லை. 14 சர்க்கரைகள் கொண்ட தொடர் ஒன்று முன்கூட்டியே கட்டி முடிக்கப்பட்டு, முழுமையாகப் புரதத்துக்கு மாற்றப்படுகிறது. கட்டுமானம் நிகழும் தாங்கி, எண்டோபிளாச வலையின் சவ்வில் பதிந்துள்ள டோலிகால் என்னும் நீண்ட கொழுப்பு மூலக்கூறு.

சவ்வின் வெளிப்புறத்தே, சைட்டோபிளாசத்தை நோக்கிய பக்கத்தில், டோலிகால் பாஸ்பேட்டின்மேல் இரண்டு அசெட்டைல் குளுக்கோசமீன்களும் ஐந்து மேனோஸ்களும் அடுத்தடுத்துச் சேர்கின்றன. முதற்படியை டுனிகாமைசின் என்னும் நுண்ணுயிர்ப்பொருள் தடுக்கும். ஆய்வகங்களில் நைட்ரஜன்வழி இணைப்பின் தேவையைச் சோதிக்க இது பயன்படுகிறது. ஏழு சர்க்கரைகள் சேர்ந்தபின் தொடர் சவ்வின் உட்புறத்துக்குப் புரட்டப்படுகிறது. அங்கே மேலும் நான்கு மேனோஸ்களும் மூன்று குளுக்கோஸ்களும் சேர்ந்து 14 நிறைவுறுகிறது. உட்புறத்தில் சேரும் இவ்வேழுக்கும் வழங்கிகள் டோலிகாலுடன் இணைந்த மேனோசும் குளுக்கோசுமே.

ரைபோசோமிலிருந்து வளர்ந்துவரும் புரதச் சங்கிலி எண்டோபிளாச வலையினுள் நுழையும்போதே, ஒலிகோசாக்கரைல் மாற்றி நொதி அஸ்பரஜின் இருக்கும் உரிய மூவமில வரிசையை இனங்கண்டு 14 சர்க்கரைத் தொடரை அதனுடன் இணைத்துவிடுகிறது. புரதம் மடிந்து முடிவதற்கு முன்னரே இது பெரும்பாலும் நிகழ்கிறது.

4.3 மடிப்புச் சோதனை

இவ்வளவு முயன்று சேர்த்த மூன்று குளுக்கோஸ்களும் உடனே நீக்கப்படத் தொடங்குகின்றன. இது வீண் செலவு போலத் தோன்றினும் இதற்கு ஆழ்ந்த பொருள் உண்டு. இரண்டு குளுக்கோஸ் நீங்கி ஒன்று எஞ்சிய நிலையில், கால்நெக்சின், கால்ரெட்டிகுலின் என்னும் துணைப்புரதங்கள் அத்தொடரைப் பற்றிக்கொண்டு புரதம் சரியாக மடிய உதவுகின்றன. இறுதிக் குளுக்கோசும் நீங்கியபின் புரதம் விடுவிக்கப்படுகிறது.

விடுவிக்கப்பட்ட புரதத்தை மற்றொரு நொதி சோதிக்கிறது. மடிப்பு முறையாக அமையாத புரதத்துக்கு மட்டும் அது மீண்டும் ஒரு குளுக்கோசைச் சேர்க்கிறது. அப்புரதம் மறுபடியும் துணைப்புரதத்திடம் செல்கிறது. பலமுறை சுற்றியும் மடியாத புரதத்திலிருந்து மேனோஸ்கள் ஒவ்வொன்றாக வெட்டப்படுகின்றன. குறைந்த மேனோசே அப்புரதம் அழிக்கப்பட வேண்டியது என்பதற்கு அடையாளமாகிறது. அது சைட்டோபிளாசத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டுச் சிதைக்கப்படுகிறது. ஆகவே குளுக்கோஸ் மடிப்பின் நிலையையும், மேனோஸ் கழிந்த காலத்தையும் காட்டும் குறிகளாகச் செயற்படுகின்றன எனலாம்.

4.4 கோல்கி உறுப்பில் நிகழும் மாற்றங்கள்

சோதனையில் தேறிய புரதம் கோல்கி உறுப்பை அடைகிறது. அங்கே மேனோஸ்கள் மேலும் நீக்கப்படுகின்றன. பின்னர் அசெட்டைல் குளுக்கோசமீன், ஃபியூகோஸ், காலக்டோஸ், சியாலிக் அமிலம் ஆகியன சேர்க்கப்படுகின்றன. இந்நொதிகள் கோல்கியின் முன், இடை, கடை அடுக்குகளில் பெரும்பாலும் அவை செயற்படும் வரிசையிலேயே அமைந்துள்ளன. ஒரு நொதி உண்டாக்கிய விளைபொருளே அடுத்த நொதியின் வினைப்பொருள். வார்ப்புரு இன்றியே ஓரளவு ஒழுங்கான வரிசை கிடைப்பது இதனாலேயே. அதேவேளை, ஒரு நொதி வினைபுரியுமுன் புரதம் அடுத்த அடுக்குக்குச் சென்றுவிடவும் கூடும். மேலே கூறிய நுண்பன்மைக்கு மூலம் இதுவே.

மியூசின் வகை ஆக்சிஜன்வழி இணைப்பு முழுவதும் கோல்கியில் நிகழ்கிறது. அதற்கு டோலிகால் தாங்கி தேவையில்லை. மடிந்த புரதத்தின்மேல் சர்க்கரைகள் ஒவ்வொன்றாகவே சேர்கின்றன. முதற்சர்க்கரையைச் சேர்க்கும் நொதிக்கு மனிதரில் 20 மரபணுக்கள் உள்ளன. ஒவ்வொரு நொதிக்கும் விருப்பமான இடங்கள் வேறு.

4.5 முகவரியாகும் சர்க்கரை

லைசோசோமுக்குச் செல்லவேண்டிய நொதிகளின் மேனோசில் கோல்கி உறுப்பு பாஸ்பேட்டைச் சேர்க்கிறது. மேனோஸ்-6-பாஸ்பேட் என்னும் இக்குறியை ஏற்பி ஒன்று இனங்கண்டு அந்நொதியை லைசோசோமுக்கு அனுப்புகிறது. பாஸ்பேட்டைச் சேர்ப்பதில் முதற்படியை நிகழ்த்தும் நொதி இல்லாத குழந்தைகளிடம் ஐ-செல் நோய் தோன்றுகிறது. அவர்களுடைய லைசோசோம் நொதிகள் உருவாகின்றன; ஆயினும் முகவரி இல்லாமையால் இரத்தத்தில் கொட்டப்படுகின்றன. லைசோசோம்களில் சிதைவுறாத பொருள்கள் தேங்குகின்றன.

1972 ஆம் ஆண்டில் ஹிக்மன், எலிசபெத் நியூஃபெல்டு ஆகியோர் இந்நோயின் தன்மையை ஓர் எளிய ஒப்பீட்டால் வெளிப்படுத்தினர். நோயுற்ற செல்கள் நலமான செல்களின் நொதியை உள்ளே எடுத்துக்கொண்டன. நோயுற்ற செல்கள் வெளியிட்ட நொதியை மற்றச் செல்கள் எடுத்துக்கொள்ளவில்லை. குறை ஏற்பியில் இல்லை, நொதி தாங்கவேண்டிய குறியில் உள்ளது என்னும் முடிவு இதிலிருந்து பெறப்பட்டது. அக்குறி மேனோஸ்-6-பாஸ்பேட் என்பது பின்னரே அறியப்பட்டது.

5. பணிகள்

5.1 காப்பும் இயற்பியல் தன்மையும்

கிளைக்கோஃபோரின் ஏ புரதத்தின் சியாலிக் அமிலங்கள் சிவப்பணுவின் பரப்புக்கு எதிர்மின் சுமையைத் தருகின்றன. பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாதிருக்க இது துணைசெய்கிறது. மியூசின்கள் நீரைப் பிடித்துவைத்து உணவுக்குழல், மூச்சுக்குழல் ஆகியவற்றின் உட்பரப்பைக் காக்கின்றன. தென்துருவக் கடல் மீன்கள் சிலவற்றின் இரத்தம் உறையாமல் காப்பதும் ஒரு கிளைக்கோபுரதமே. அலனின், அலனின், திரியோனின் என்னும் வரிசை அதில் திரும்பத் திரும்ப வருகிறது; ஒவ்வொரு திரியோனினிலும் இருசர்க்கரை அலகு ஒன்று இணைந்துள்ளது. இம்மூலக்கூறு பனிப்படிகத்தின் பரப்பில் ஒட்டி அதன் வளர்ச்சியைத் தடுக்கிறது.

5.2 இரத்தத்தில் ஆயுட்காலம்

செருலோபிளாஸ்மின் என்னும் இரத்தப் புரதத்திலிருந்து சியாலிக் அமிலத்தை நீக்கி விலங்கின் உடலில் செலுத்தியபோது, அது சில நிமிடங்களிலேயே இரத்தத்திலிருந்து மறைந்து கல்லீரலைச் சேர்ந்தது. கில்பர்ட் ஆஷ்வெல், அனடோல் மோரெல் ஆகியோரின் இவ்வாய்வு, சியாலிக் அமிலம் நீங்கி வெளிப்படும் காலக்டோசைக் கல்லீரலின் ஏற்பி ஒன்று பற்றிக்கொள்கிறது என்பதைக் காட்டியது.

இவ்வறிவு மருந்து உற்பத்தியில் நேரடியாகப் பயன்பட்டது. எரித்ரோபாய்டினில் 165 அமினோ அமிலங்களும் நான்கு சர்க்கரைத் தொடர்களும் உள்ளன. தொடர்களுள் மூன்று நைட்ரஜன்வழியும் ஒன்று ஆக்சிஜன்வழியும் ஆனவை. ஈ. கோலை பாக்டீரியாவில் இதனை உற்பத்தி செய்தால் சர்க்கரை சேர்வதில்லை. சர்க்கரையற்ற ஹார்மோன் சோதனைக் குழாயில் ஏற்பியுடன் இணைந்தாலும், உடலில் விரைந்து நீக்கப்படுவதால் பயன் தருவதில்லை. ஆகவே சிறுநீரகச் செயலிழப்பால் இரத்தசோகையுற்றோருக்கு உரிய இம்மருந்து சீன வெள்ளெலியின் சினைப்பைச் செல்களில் உற்பத்தி செய்யப்படுகிறது. பின்னர், அமினோ அமில வரிசையைச் சிறிது மாற்றி ஐந்து நைட்ரஜன்வழித் தொடர்கள் பெறுமாறு அமைத்த டார்பிபாய்டின் உருவாக்கப்பட்டது. அது இரத்தத்தில் மூன்று மடங்கு காலம் தங்குவதால் ஊசிகளின் எண்ணிக்கை குறைந்தது.

5.3 இனங்காணல்

செல்கள் ஒன்றையொன்று அறிவதிலும், நோய்க்கிருமிகள் செல்லை அறிவதிலும் சர்க்கரைத் தொடர்களே பெரும்பாலும் அடையாளங்கள். சர்க்கரையை இனங்கண்டு பற்றும் புரதங்கள் லெக்டின்கள் எனப்படும். பலா விதையிலுள்ள ஜேக்கலின், மியூசின் வகைத் தொடரின் உட்பகுதியைப் பற்றும் லெக்டின். இம்யூனோகுளோபுலின் ஏ1 என்னும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுக்க அது ஆய்வகங்களில் பயன்படுகிறது. ஆமணக்கு விதையின் ரிசினும் குன்றிமணியின் ஏப்ரினும் தாமே கிளைக்கோபுரதங்கள். அவற்றின் ஒரு சங்கிலி செல்பரப்பிலுள்ள காலக்டோசைப் பற்றி உள்நுழைய வழிசெய்கிறது. மறுசங்கிலி ரைபோசோமைச் செயலிழக்கச் செய்கிறது. அவ்விதைகளின் நஞ்சுத்தன்மைக்குக் காரணம் இதுவே.

இன்ஃப்ளூயன்சா வைரசின் ஹீமக்ளூட்டினின் புரதம் மூச்சுக்குழல் செல்களின் சியாலிக் அமிலத்தைப் பற்றி நுழைகிறது. புதிய வைரசுகள் வெளியேறும்போது நியூரமினிடேஸ் நொதி அச்சியாலிக் அமிலத்தை வெட்டி விடுதலை தருகிறது. ஒசல்டமிவிர் மருந்து தடுப்பது இந்நொதியையே. வைரசுகள் சர்க்கரையைப் போர்வையாகவும் கொள்கின்றன. கொரோனா வைரசு சார்ஸ்-கோவி-2 இன் கூர்முனைப் புரதத்தின் ஒவ்வோர் அலகிலும் 22 நைட்ரஜன்வழி இணைப்பிடங்கள் உள்ளன. அச்சர்க்கரைகள் நம் செல்களாலேயே சேர்க்கப்பட்டவை. ஆதலால் எதிர்ப்பொருள்களின் பார்வையிலிருந்து புரதப் பரப்பின் ஒரு பகுதியை அவை மறைக்கின்றன.

இரத்தப் பிரிவுகளின் அடிப்படையும் இனங்காணலே. தொடரின் முனைக் காலக்டோசுடன் ஃபியூகோஸ் சேர்ந்தால் எச் ஆன்டிஜென் உருவாகும். அதன்மேல் அசெட்டைல் காலக்டோசமீன் சேர்ந்தால் ஏ. காலக்டோஸ் சேர்ந்தால் பி. எதுவும் சேராவிடில் ஓ. ஏ, பி ஆகியவற்றை உருவாக்கும் நொதிகள் நான்கே அமினோ அமிலங்களில் வேறுபடுகின்றன. பம்பாய்ப் பிரிவினரிடம் ஃபியூகோசைச் சேர்க்கும் நொதியே இல்லை. ஆகவே ஏ அல்லது பி மரபணு இருந்தாலும் அதன் நொதிக்கு வினைப்பொருள் கிடையாது. எச் தங்கள் உடலில் இல்லாமையால் அதற்கு எதிரான எதிர்ப்பொருள் அவர்களிடம் உள்ளது. ஓ பிரிவுச் சிவப்பணுக்களிலோ எச் மிகுதி. ஓ போலத் தோன்றும் பெற்றோருக்கு ஏ அல்லது பி பிரிவுக் குழந்தை பிறக்கக்கூடும் என்பதற்கும் விளக்கம் இதுவே. அத்தகைய பிறப்பை ஐயுறுவதற்கு இடமில்லை.

6. தொகுப்பில் நேரும் பிறவிக் குறைபாடுகள்

சர்க்கரையிணைப்பு நொதிகளில் நேரும் பிறவிக் குறைகளை முதன்முதலில் பெல்ஜிய மருத்துவர் யாக் யாக்கென் 1980 ஆம் ஆண்டில் இரட்டைச் சகோதரியரிடம் கண்டு விவரித்தார். இரத்தத்தின் டிரான்ஸ்ஃபெரின் புரதத்தை மின்புலத்தில் பிரித்துப் பார்ப்பது இக்குறைகளை அறியும் வழி. இயல்பான மூலக்கூறில் பெரும்பாலும் நான்கு சியாலிக் அமிலங்கள் உள்ளன. தொடர் குறைந்தால் மின்சுமையும் மாறுவதால் பட்டைகள் இடம்பெயர்கின்றன.

தொகுப்பு வழியை அறிவதன் பயனை அடுத்தடுத்த இரு படிகளில் நேரும் குறைகள் தெளிவாகக் காட்டுகின்றன. ஃபிரக்டோஸ்-6-பாஸ்பேட்டிலிருந்து மேனோஸ்-6-பாஸ்பேட்டை உண்டாக்கும் நொதி குறைந்தால் கல்லீரல், குடல் ஆகியன பாதிக்கப்படுகின்றன. இரத்தச் சர்க்கரை தாழ்கிறது. இக்குழந்தைகளுக்கு மேனோசை வாய்வழியாகக் கொடுத்தால் வேறொரு நொதி அதனை நேரடியாக மேனோஸ்-6-பாஸ்பேட்டாக மாற்றுகிறது. அடைபட்ட படி கடக்கப்படுகிறது. இச்சிகிச்சையின் பயன் 1998 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. மேனோஸ்-6-பாஸ்பேட்டை மேனோஸ்-1-பாஸ்பேட்டாக மாற்றும் அடுத்த நொதி குறைந்தாலோ மேனோஸ் கொடுப்பதால் பயனில்லை. ஏனெனில் அடைப்பு மேனோஸ் சேரும் இடத்துக்கு அப்பால் உள்ளது. ஒரே சர்க்கரை, ஒரே வழி. ஆயினும் எந்தப் படியில் குறை என்பதே சிகிச்சையை முடிவுசெய்கிறது.

ஃபியூகோசுக்கும் இத்தகைய சான்று உண்டு. குவனோசின் டைபாஸ்பேட்டுடன் இணைந்த ஃபியூகோசைக் கோல்கியினுள் கடத்தும் புரதம் குறைந்த குழந்தைகளிடம் வெள்ளணுக்கள் இரத்தக் குழாய்ச் சுவரைப் பற்ற இயலாமல் தொற்றுகள் தொடர்கின்றன. 1992 ஆம் ஆண்டில் விவரிக்கப்பட்ட இந்நோயினரும் பம்பாய் இரத்தப் பிரிவினராகவே அமைந்தனர். கடத்தியின் திறன் குறைந்தும் முற்றும் அழியாமலும் உள்ள சிலருக்கு வாய்வழி ஃபியூகோஸ் பயன் தந்துள்ளது. வழக்கமான பம்பாய்ப் பிரிவினருக்கு இத்தகைய நோய் இல்லை; அவர்களிடம் ஃபியூகோஸ் உண்டு, எச் ஆன்டிஜெனை உருவாக்கும் நொதிகள் மட்டுமே இல்லை. இரத்தச் சோதனையில் ஒன்றுபோலத் தோன்றும் இரு நிலைகளின் வேறுபாடு தொகுப்பு வழியை அறிந்தார்க்கே புலனாகும்.

7. முடிவுரை

கிளைக்கோபுரதத்தின் சர்க்கரைத் தொடர் புரதத்தின்மேல் அமைந்த வெறும் அணியன்று. புரதம் சரியாக மடிந்ததா என்பதையும், அது எங்கே செல்லவேண்டும் என்பதையும், எவ்வளவு காலம் இரத்தத்தில் இருக்கலாம் என்பதையும், எந்தச் செல்லால் இனங்காணப்படும் என்பதையும் அது தீர்மானிக்கிறது. அத்தொடர் வார்ப்புரு இன்றி, நொதிகளின் இருப்பு, வழங்கிச் சர்க்கரைகளின் அளவு, கோல்கியில் புரதம் தங்கும் காலம் ஆகியவற்றைப் பொறுத்து உருவாகிறது. ஆகவே மரபணு வரிசையை மட்டும் கொண்டு அதனைக் கணித்துவிட இயலாது.

இதனைக் கற்பிக்கும்போது அமைப்பு, தொகுப்பு, பணி ஆகிய மூன்றையும் தனித்தனிப் பாடங்களாகப் பிரிக்காமல், ஒரு குறைபாட்டை எடுத்துக்கொண்டு அது எந்தப் படியில் நேர்கிறது எனப் பின்னோக்கிச் செல்வது மாணவருக்கு எளிதில் விளங்கும். இரத்த வங்கியில் ஓ எனக் குறிக்கப்பட்ட ஒரு மாதிரியின் தெளிநீரை ஓ பிரிவுச் சிவப்பணுக்களுடனும் வைத்துச் சோதிப்பது எதற்காக என்னும் வினாவிலிருந்து தொடங்கினால், அது எச் ஆன்டிஜெனுக்கும், ஃபியூகோசுக்கும், கோல்கி நொதிக்கும், இறுதியில் மரபணுவுக்கும் இட்டுச்செல்லும். அச்சோதனையைச் செய்யாது விட்டால் ஓர் உயிர் இழக்கப்படலாம் என்பதே அப்பாடத்தின் முதன்மையை உணர்த்தப் போதுமானது.